கல்லூரி வாசலில் கள்ள மரக்கால்

களத்துமேட்டில் நின்றவனுக்குக் கள்ள மரக்காலைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பண்ணையார் வீட்டில் இரண்டு மரக்கால் இருக்கும். குத்தகை நெல் வாங்க ஒன்று; அது வயிறு பெருத்தது. கூலி நெல் அளக்க ஒன்று. அதன் அடி மேடு தட்டியது. இரண்டுக்கும் பெயர் மரக்கால்தான். ‘லாபம்’ என்று வாய்விட்டுச் சொல்லித்தான் முதல் மரக்காலைப் போடுவார்கள். அறுத்தவன் வீட்டுக்குப் போய்ச் சேர்வது என்னவோ நஷ்டம்தான். 1940-களில் கீழத் தஞ்சை விவசாயத் தொழிலாளர்கள் எழுந்து நின்று கேட்டவற்றில் ஒன்று, முத்திரை மரக்கால். அளக்கவே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஊரறிய முத்திரை குத்திய மரக்காலால் அளந்து போடு என்றார்கள்.

அந்தக் கள்ள மரக்கால் இன்று கல்லூரி வாசலுக்கு வந்திருக்கிறது. அதன் பெயர் நுழைவுத் தேர்வு. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் படித்து, சர்க்கார் நடத்தும் பொதுப் பரீட்சையில் தேறிவந்த பிள்ளையை, ‘நில், உன்னை மறுபடி அளக்க வேண்டும்’ என்று வாசலில் மறிக்கிறார்கள். கேட்டால், ‘தகுதி பார்க்கிறோம்’ என்கிறார்கள். தகுதி பார்க்கட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. எந்த மரக்காலால் பார்க்கிறார்கள், அந்த மரக்காலை யார் செய்தார்கள் என்றுதான் கேட்கிறோம்.

வந்த கதை

தமிழ்நாட்டில் டாக்டர் படிப்புக்கும் எஞ்சினீயர் படிப்புக்கும் மாநில நுழைவுத் தேர்வு 1984-ல் வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் நீடித்தது. பட்டணத்தில் பயிற்சிக் கடைகள் பெருகின. கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். பெற்றோரும் மாணவரும் எழுப்பிய குரல் ஓயாததால் அதை ரத்து செய்யும் முயற்சி 2005-ல் தொடங்கியது. கோர்ட்டில் இருமுறை தடுக்கி விழுந்தது. கடைசியில் 2006-ல் சட்டசபை ஒரு சட்டத்தை நிறைவேற்றி, 2007-ல் ஜனாதிபதியின் ஒப்புதலும் பெற்று, நுழைவுத் தேர்வு ஒழிந்தது. 2007 முதல் 2016 வரை பத்து ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளி மார்க்கே போதும் என்று மருத்துவக் கல்லூரிக் கதவு திறந்திருந்தது.

அந்தப் பத்து ஆண்டுகளில் தமிழ்நாட்டு வைத்தியம் கெட்டுப் போயிற்றா? ஆஸ்பத்திரிகளில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்களா? நேர் எதிர். 2020-லும் 2021-லும் கொரோனா கொள்ளை நோய் தாக்கியபோது, சர்க்கார் ஆஸ்பத்திரி வார்டுகளில் இரவு பகல் நின்ற இளம் டாக்டர்களில் பலர் இந்தப் பத்து ஆண்டுகளில் பள்ளி மார்க்கைக் கொண்டு சேர்ந்தவர்கள்தாம். அவர்கள் கையில் நாம் உயிரை ஒப்படைத்தோம். அப்போது எவரும் ‘நீ நுழைவுத் தேர்வு எழுதியவனா?’ என்று கேட்கவில்லை.

இடையில் டில்லியில் வேறொரு மரக்கால் தயாராயிற்று. அதுதான் நீட். 2013-ல் ஒருமுறை நடந்தது; அதே ஆண்டு ஜூலையில் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்றது. 2016 ஏப்ரலில் அதே கோர்ட் தன் தீர்ப்பை வாபஸ் வாங்கிக்கொண்டது. 2017-ல் தமிழ்நாட்டின் தலையிலும் நீட் விழுந்தது.

அந்த ஆண்டின் முதல் பலியை நாம் மறக்க முடியுமா? அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பொதுப் பரீட்சையில் 1,200-க்கு 1,176 மார்க் வாங்கினாள். நீட்டில் 720-க்கு 86 என்றார்கள். சுப்ரீம் கோர்ட் வரை போய் நியாயம் கேட்டாள். 2017 செப்டம்பர் 1-ம் தேதி உயிரை மாய்த்துக்கொண்டாள். உயிரை விடுவது வழியல்ல. நம் பிள்ளைகள் இருந்து, போராடி, படித்தே தீர வேண்டும். ஆனால் 1,176 என்று ஒரு மரக்காலும், 86 என்று இன்னொரு மரக்காலும் ஒரே பிள்ளையை அளந்து சொல்லுமானால், கோளாறு பிள்ளையிடமா, மரக்காலிடமா?

எதை அளக்கிறது?

இது வெறும் ஆத்திரப் பேச்சல்ல. கணக்கு இருக்கிறது.

2019-20-ல் தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்கள் 3,081 பேர். அவர்களில் பயிற்சி மையத்துக்குப் போகாமல் தேறியவர்கள் எத்தனை பேர்? 48 பேர்! 2019 நவம்பரில் சென்னை ஹைகோர்ட்டின் முன் வைக்கப்பட்ட கணக்கு இது. மூவாயிரத்துச் சொச்சம் பேரும் காசு கொடுத்துப் பயிற்சி பெற்று வந்தவர்கள். அப்படியானால் அந்தத் தேர்வு அளந்தது பிள்ளையின் அறிவையா, பெற்றோரின் மடியையா?

2021-ல் ஓய்வு பெற்ற நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். அதன் அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. நீட் வருமுன் மருத்துவம் சேர்ந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல் தமிழில் படித்த பிள்ளைகள். நீட் வந்த பின் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. 2016-17-ல், முந்தின வருஷமே பள்ளியை முடித்துவிட்டுக் காத்திருந்து சேர்ந்தவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவில் இருந்தார்கள். 2020-21-ல் அவர்கள் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல். பள்ளியை முடித்ததும் வீட்டில் உட்கார்ந்து, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டிக்கொண்டே மறுபடி மறுபடி எழுதுகிறவனுக்குத்தான் இடம். அப்படி உட்கார வைத்துச் சோறு போட யார் வீட்டில் முடியும்?

வள்ளியூர்ப் பக்கத்துக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். இராதாபுரம், நாங்குநேரி தாலுகாக்களில் ஆற்றுப் பாசனம் எட்டாத வானம் பார்த்த பூமி ஏராளம். தாயார் பீடி சுற்றுகிறாள். தகப்பன் தோட்ட வேலைக்கோ கல் குவாரிக்கோ போகிறான். 2025-26-க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, முழுக்கூலியும் கைக்கு வந்தாலும் 33,600 ரூபாய். 2025-ல் நீட் விண்ணப்பக் கட்டணம், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைக்கு 1,000 ரூபாய். பிற்பட்ட வகுப்புப் பிள்ளைக்கு 1,600 ரூபாய். மனுப் போடவே மூன்று நாள் கூலி அல்லது ஐந்து நாள் கூலி! பயிற்சிக் கடைக்காரர்களோ லட்சத்தில் பேசுகிறார்கள். அதன்மேல் நூற்றுக்குப் பதினெட்டு ரூபாய் சர்க்காருக்கு வரி. வள்ளியூரிலிருந்து திருநெல்வேலிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும். இல்லாவிட்டால் விடுதி பிடிக்க வேண்டும்.

2018-ல் நடந்தது இன்னும் கொடுமை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலருக்குக் கேரளத்திலும் ராஜஸ்தானத்திலும் பரீட்சை மையம் போட்டார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து மகனை எர்ணாகுளத்துக்கு அழைத்துப்போன தகப்பனார், பிள்ளை உள்ளே எழுதிக்கொண்டிருக்கையில் மாரடைப்பில் மாண்டுபோனார். பணக்கார வீட்டுப் பிள்ளை விமானத்தில் போய் எழுதிவிட்டு வந்தான்.

பாளையங்கோட்டையில் இருக்கிறதே திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி, அது 1965-ல் ஜனங்களின் வரிப்பணத்தில் எழுந்தது. நெல் விளைவித்தவன், நூல் நூற்றவன், தீப்பெட்டி வாங்கினவன் ஒவ்வொருவனும் வரி கொடுத்தான். அதன் சுவருக்கு நம் காசு வேண்டும். அதன் பெஞ்சில் நம் பிள்ளை உட்காரக் கூடாது என்றால் இது என்ன நியாயம்?

மில் மூடியது, கடை திறந்தது

இந்தப் பயிற்சி வியாபாரம் எங்கே செழித்தது என்பதை மில் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ராஜஸ்தானில் கோட்டா என்று ஒரு நகரம். ஒரு காலத்தில் ஆலைகளின் நகரம். செயற்கை நூலிழை தயாரித்த ஜே.கே. சிந்தெடிக்ஸ் ஆலை அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 1997-ல் அதை இழுத்து மூடினார்கள். தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். நிலுவைத் தொகைக்காகக் கோர்ட் வாசலில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். ஆலை போன ஊரில் புதிதாக ஒரு ‘தொழில்’ தலையெடுத்தது. அதுதான் நுழைவுத் தேர்வுப் பயிற்சி. நூலுக்குப் பதில் பிள்ளைகளை முறுக்கேற்றுகிறார்கள்! தேசமெங்கும் இருந்து லட்சக்கணக்கில் பிள்ளைகள் வந்து, புறாக்கூண்டு அறைகளில் அடைந்து, விடிய விடிய மனப்பாடம் செய்கிறார்கள். 2023-ம் ஆண்டில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அந்த ஊரில் உயிரை மாய்த்துக்கொண்டார்கள்.

நுழைவுத் தேர்வு இல்லையென்றால் இந்தக் கடைகளில் பாதி ஒரே நாளில் காலியாகும். ஆகவே ‘தகுதி, தகுதி’ என்ற கூச்சல் எங்கிருந்து பலமாக வருகிறது என்று கேட்க வேண்டியதே இல்லை.

சாயம் வெளுத்த ‘தகுதி’

சரி, ஏழைக்குக் கதவை மூடினாலும், உள்ளே விடுவதிலாவது நேர்மை உண்டா? அதுவும் இல்லை.

2019-ல் தேனி மருத்துவக் கல்லூரியில் ஆள்மாறாட்டம் அம்பலமாயிற்று. ஒருவன் பெயரில் வேறொருவன் பரீட்சை எழுதியிருக்கிறான்! நம் பெண்பிள்ளைகளின் கம்மலையும் கொலுசையும் கழற்றச் சொல்லி, சட்டைக் கையை வெட்டிச் சோதித்தவர்களின் கண்ணில் இந்த ஆள் மட்டும் படவில்லை. 2024-ல் பாட்னாவிலும் ஹசாரிபாக்கிலும் வினாத்தாள் வெளியே கசிந்தது. முதலில் வெளியிட்ட முடிவில் 67 பேர் 720-க்கு 720 என்றார்கள். 1,563 பேருக்குக் கருணை மார்க் போட்டார்கள். விஷயம் நாறியதும் அதை ரத்து செய்தார்கள். வினாத்தாள் கசிந்தது உண்மைதான் என்று சுப்ரீம் கோர்ட்டே சொன்னது. ஆயினும் மறுதேர்வு இல்லை என்று தீர்ப்பாயிற்று.

அந்த 2024-லேயே சுமார் 13 லட்சம் பேரை ‘தகுதி பெற்றவர்கள்’ என்று அறிவித்தார்கள். தேசம் முழுவதும் இருந்த இடமோ ஒரு லட்சத்துச் சொச்சம். பந்தியில் ஓர் இலை. வாசலில் பத்துப் பேருக்கு மேல் சீட்டு! இந்தக் கணக்கின் மர்மம் என்ன? சர்க்கார் கல்லூரியில் இடம் கிடைக்காத பின்வரிசைக்காரனும் ‘தகுதி’ச் சீட்டைக் காட்டி, தனியார் கல்லூரியில் லட்சக்கணக்கில் கட்டிச் சேரலாம். அவனுக்கு முன்வரிசையில் நிற்கும் ஏழை, பணமில்லாமல் வீட்டுக்குத் திரும்பலாம். நன்கொடைக் கொள்ளையை நீட் ஒழித்துவிட்டது என்கிறார்களே, ஒழிந்த லட்சணம் இதுதான்.

எல்லாவற்றுக்கும் சிகரம் 2023-ல் நடந்தது. டாக்டர்களின் மேற்படிப்புக்கான நீட்டில் இடங்கள் காலியாகக் கிடந்தன. உடனே மத்திய சர்க்கார் என்ன செய்தது? தகுதிக் கோட்டைப் பூஜ்யத்துக்கு இறக்கியது. தேர்வு எழுதினால் போதும், கழித்தல் கணக்கில் மார்க் வாங்கியவனும் கலந்தாய்வுக்கு வரலாம் என்றது! குழுமூர்ப் பெண்ணிடம் அங்குலம் அங்குலமாக அளந்த மரக்கால், சீட்டு விலைபோகவில்லை என்றதும் அடியே இல்லாமல் போயிற்று. களத்துமேட்டுப் பண்ணையார்கூட இவ்வளவு துணிந்ததில்லை.

எதிரிகள் கேட்கும் கேள்வி

‘பள்ளி மார்க் மட்டும் யோக்கியமா? அங்கேயும் மனப்பாடம்தானே? ஒரு வருஷப் பாடத்தை இரண்டு வருஷம் உருப்போட வைத்து மார்க் வாங்கித் தந்த தனியார் பள்ளிகள் இல்லையா?’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, மழுப்ப வேண்டியதில்லை. அந்த மோசடியும் நடந்தது. பள்ளிக்கூடத்தில் ஓட்டை இருந்தால் பள்ளிக்கூடத்தைச் செப்பனிட வேண்டும். ஓட்டை வீட்டைக் காட்டி, வீட்டுக்காரனைத் தெருவில் தள்ளுவது தீர்வாகாது. மேலும், பள்ளி மார்க் ஒருநாள் கூத்தல்ல. பல பாடம், பல பரீட்சை, செய்முறை வகுப்பு, வருஷக்கணக்கான உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் கட்டம் நிரப்பும் வித்தையைவிட அது பிள்ளையைப் பற்றி அதிகம் சொல்லும்.

இதை நாம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அவர்கள் எதற்கெடுத்தாலும் கைகாட்டும் அமெரிக்காவையே சாட்சிக்கு அழைப்போம். அங்கே மலிவுக் கட்டணத்தில் நடக்கும் சமுதாயக் கல்லூரிகளில், சேர வரும் பிள்ளைக்குக் கணக்கிலும் இங்கிலீஷிலும் ஒரு சோதனை வைப்பார்கள். வெளியே தள்ளுவதற்கல்ல, எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று தீர்மானிக்க. அதில் குறைந்தவர்களைக் கல்லூரிப் பாடத்துக்கு முந்திய அடிப்படை வகுப்பில் போடுவார்கள். அதற்குக் கட்டணம் உண்டு. பட்டத்துக்குக் கணக்கில் வராது. அங்கே தேங்கிக் கிடந்தவர்களில் கறுப்பின, லத்தீன் வம்சாவளி ஏழைப் பிள்ளைகள்தாம் அதிகம். பலர் மேல்வகுப்பையே பார்க்காமல் படிப்பை விட்டார்கள். 2012-ல் கொலம்பியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தார்கள். கணக்குச் சோதனை எழுதியவர்களில் நாலில் ஒருவரும், இங்கிலீஷ் சோதனை எழுதியவர்களில் மூவரில் ஒருவரும், கடுமையாகத் தவறான வகுப்பில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். சோதனை மார்க்கைவிடப் பள்ளி மார்க்கே சரியான வழிகாட்டி என்றும் தெரிந்தது. அந்தச் சோதனைகளில் ஒன்றை விற்ற கம்பெனியே 2015-ல் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. கலிபோர்னியா ராஜ்யம் 2017-ல் சட்டம் போட்டது: இனிப் பள்ளி மார்க்கைப் பார்த்து நேரே கல்லூரிப் பாடத்தில் உட்கார வை, கஷ்டப்படுகிற பிள்ளைக்குக் கூடவே கைகொடு. அதன் பின் முதல் ஆண்டிலேயே கல்லூரிக் கணக்கில் தேறியவர் தொகை கூடியது.

முதலாளித்துவத்தின் தலைநகரமே தன் மரக்கால் தப்பு என்று ஒப்புக்கொண்டது. இங்கேயோ, நாட்டில் மரக்கால்கள் பெருகுகின்றன! 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் பி.ஏ., பி.எஸ்ஸி. சேரவும் ‘கியூட்’ என்ற பொது நுழைவுத் தேர்வு. விவசாயத் தொழிலாளி மண்ணான திருவாரூரில் நிற்கும் மத்தியப் பல்கலைக்கழகத்துக்குள் போகவும் அதுதான் வழி. இன்று அங்கே, நாளை நம் பக்கத்துக் கலைக் கல்லூரி வாசலில்.

சோதனை எதற்கு?

பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று வாத்தியார் பார்க்கவே கூடாதா? பார்க்கட்டும், பார்க்கவே வேண்டும். ஆனால் சேர்த்துக்கொண்ட பிறகு பார்க்கட்டும்; சொல்லிக் கொடுப்பதற்காகப் பார்க்கட்டும். வள்ளியூருக்கு அருகே மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கிறார்கள். குறை தெரிந்தால் சரி செய்கிறார்கள்; மறுபடி சோதிக்கிறார்கள். இரும்பு எஞ்சினுக்குக் காட்டும் பொறுமையை உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்குக் காட்டக் கூடாதா?

இதிலும் ஒரு சூழ்ச்சி நுழையும். உஷாராக இருக்க வேண்டும். சோதித்துவிட்டு, இங்கிலீஷ் தெரிந்தவன் ‘ஏ’ பிரிவு, தெரியாதவன் ‘பி’ பிரிவு என்று மூன்று வருஷத்துக்கும் பிரித்துப் போட்டால், அது டீக்கடை இரட்டைக் குவளையின் இன்னொரு வடிவம்தான். மில்லில் பஞ்சு வந்ததும் இழை நீளம் பார்த்து, இது இந்த நம்பர் நூலுக்கு என்று ஒதுக்குவார்கள். பஞ்சின் இழை வளராது. பிள்ளையின் அறிவு வளரும். பஞ்சைப் போலப் பிள்ளையை ஒதுக்காதே!

பழைய அனுபவமும் இருக்கிறது. 1956-ல் சென்னையில் புகுமுக வகுப்பு என்று ஓராண்டுப் படிப்பைக் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கும் பட்டப்படிப்புக்கும் இடையே பாலம் என்றார்கள். தமிழில் படித்துவந்த கிராமத்துப் பிள்ளை, பௌதிகத்தையும் ரசாயனத்தையும் திடீரென்று இங்கிலீஷில் கேட்டுத் திணறியது. பாலம் பலருக்குப் படுகுழியாயிற்று. 1978-ல் மேல்நிலை வகுப்புகள் பள்ளிக்கே வந்த பிறகுதான் அது மறைந்தது. பிள்ளைக்குப் புரியும் பாஷையில் கைகொடுக்காத எந்தப் பாலமும் பாலமல்ல.

நாம் கேட்பது

2020-ல் மாநில சர்க்கார் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு தந்தது. முதல் ஆண்டிலேயே, பல் மருத்துவத்தையும் சேர்த்து, ஏறத்தாழ 400 பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. நல்லதுதான், விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் அந்தப் பிள்ளையும் நீட் எழுதித்தான் ஆக வேண்டும். கள்ள மரக்காலை வைத்துக்கொண்டே கூடுதலாக ஒரு பிடி அள்ளிப் போட்டது போல்தான் அது. மரக்காலையே மாற்ற 2021-ல் சட்டசபை மசோதா நிறைவேற்றியது. கவர்னர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் சட்டசபை மறுபடி நிறைவேற்றியது. ஜனாதிபதி ஒப்புதல் மறுத்த செய்தி 2025 ஏப்ரலில் வந்தது. கோடிக்கணக்கான ஜனங்களின் சட்டசபை இரண்டு முறை சொன்னதை டில்லி ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டது!

ஆகவே நாம் கேட்கிறோம்:

பொதுப் பரீட்சையில் தேறிய பிள்ளைக்குக் கல்லூரி வாசலில் இன்னொரு பரீட்சை கூடாது. சேர்க்கையைத் தீர்மானிக்கும் உரிமை, கல்லூரியைக் கட்டிய மாநில ஜனங்களுக்கே வேண்டும்.

சேர்ந்த பின் வைக்கும் சோதனை, குறையறிந்து கற்பிக்க மட்டுமே. அதன் மார்க் எந்தச் சான்றிதழிலும் ஏறக் கூடாது. அதைக் காட்டி நிரந்தரப் பிரிவினை கூடாது.

பின்தங்கிய பிள்ளைக்குக் கல்லூரி நேரத்திலேயே, கட்டணமின்றி, தமிழில் விளக்கிச் சொல்லும் துணை வகுப்பு வேண்டும். அதற்குக் குறைந்த சம்பளக் கௌரவ விரிவுரையாளர்களை ஏய்ப்பதை நிறுத்தி, நிரந்தர ஆசிரியர்களைப் போட வேண்டும்.

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் பூட்டிக் கிடக்காத ஆய்வுக்கூடம் வேண்டும்.

தோழர்களே! இது மாணவர் பிரச்னை, படித்தவர் பிரச்னை என்று ஒதுங்க வேண்டாம். விக்கிரமசிங்கபுரம் மில் வாசலிலும், வள்ளியூர்ச் சந்தையிலும், களக்காட்டு வாழைத் தோட்டத்திலும் பேச வேண்டிய விஷயம் இது. கிராமசபை கூடும்போது எழுந்து கேளுங்கள். சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். பிள்ளையின் மார்க் சீட்டைப் பெட்டியில் பூட்டி வைத்துக் கண்ணீர் விடாதீர்கள். அதை எடுத்துக்கொண்டு வீதிக்கு வாருங்கள்.

கூலி நெல்லுக்கு முத்திரை மரக்கால் வாங்கிய வர்க்கம் இது. பிள்ளையின் படிப்புக்கும் வாங்கியே தீரும்.